தாமலுக்கு வராத விசைப்பலகை

ஒரு ஐப்பசி மழைநாள் சாயங்காலம் எங்கள் ஊர் வாட்ஸப் குழுவில் ஒரு வரி வந்து விழுந்தது: "ஏறி கோடி போகுது."

வெளியூர்க்காரர் படித்தால், யாரோ எதன்மேலோ ஏறிக் கோடி ரூபாய் சம்பாதித்துவிட்டதாக நினைப்பார். தாமல்காரர்களுக்கு அந்தக் குழப்பம் கிடையாது. ஏரி நிரம்பிவிட்டது, கலங்கல் வழியாகத் தண்ணீர் வழிந்து ஓடுகிறது, அவ்வளவுதான். அனுப்பியவர் எனக்குச் சின்னம்மா முறை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அந்த வரியை அவர் விரலால் அடிக்கவில்லை. போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "ஏரி கோடி போவுது" என்றார். போன் 'போவுது' என்பதைப் 'போகுது' என்று நாகரிகப்படுத்தியது. போகிற போக்கில் 'ஏரி'யை 'ஏறி' ஆக்கி அனுப்பியும்விட்டது.

அந்த ஒற்றை றகரத்தைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து அடித்துச் சோறு தின்றவன் நான். தமிழைக் கணினிக்குள் கொண்டுவர எத்தனை மாநாடு நடந்தது, எத்தனை பேர் எத்தனை ராத்திரி சண்டை போட்டார்கள் என்பது ஓரளவு தெரியும். ஒரு மாநாட்டுக்குக் கடையைச் சாத்திவிட்டுப் போய்வந்தவன்கூட. அங்கிருந்து நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டு வந்ததெல்லாம் ஒன்று, ஊருக்கு வந்துசேர்ந்தது வேறொன்று. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

தாமல் நெடுஞ்சாலை ஊர். காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலுசெட்டிச்சத்திரம் தாண்டி, ஓச்சேரிக்கு முன்னால் வரும். சென்னை–பெங்களூரு சாலையில் பறக்கும் கார்களுக்கு அது ஒரு பச்சைப் பெயர்ப்பலகை. தொண்டைமண்டலத்தை 24 கோட்டங்களாகப் பிரித்திருந்த காலத்தில் தாமர்க் கோட்டம் என்று ஒரு கோட்டமே எங்கள் பெயரில் இருந்தது என்று சொன்னால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. வராகீசுவரர் கோயில் இருக்கிறது. வைணவர் வீடுகளில் உபந்நியாசகர் தாமல் ராமகிருஷ்ணனின் பெயரோடு ஊர்ப்பெயரும் சேர்ந்து தெரிந்திருக்கும். மற்றபடி ஊர்ச் செய்தி என்றால் எங்களுக்கு என்றைக்கும் ஏரிதான். நிரம்புமா, எப்போது மதகு திறப்பார்கள், ஒரு போகமா இரண்டு போகமா.

அந்தச் செய்தி முன்பு எப்படி வரும்? ஏரித் தண்ணீரைப் பங்கிட்டு விடுகிற நீர்க்கட்டி வந்து சொல்வார். இல்லையென்றால் தண்டோரா. தெருமுனையில் பறையை நாலு தட்டு தட்டி, "இதனால் சகலமானவர்களுக்கும்" என்று ஆரம்பித்து, மதகு திறப்பதிலிருந்து மாட்டுக்கு ஊசி போடுவது வரை சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். கேட்காதவர்கள் கேட்டவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தண்டோராவில் எழுத்துப்பிழை வர வழியில்லை. ஏரிக்கு எந்த 'ரி' என்று பறைக்குக் கவலை இல்லை.

எழுத்து தேவைப்பட்டால் காஞ்சிபுரம் போக வேண்டும். 1997 ஜூலையில் காஞ்சிபுரம் தனி மாவட்டமாகி, கலெக்டர் அலுவலகம் அங்கே வந்த பிறகு மனு எழுதுகிற தொழிலும் கூடவே பெருகியது. அப்போதுதான் நான் ஒரு டிடிபி கடையில் சேர்ந்தேன். காலையில் தாமல் நிறுத்தத்தில் பஸ் ஏறினால், கடை திறக்கும்போது கூட்டுகிற வேலையும் எனக்கு, அடிக்கிற வேலையும் எனக்கு. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கோயில் திருவிழா நோட்டீஸ், பட்டுக்கடை பில் புத்தகம், பட்டா மாற்ற மனு. பேஜ்மேக்கரில் கோத்து, பட்டர் பேப்பரில் லேசர் பிரிண்ட் எடுத்து, ஆப்செட்டுக்கு அனுப்ப வேண்டும். முதலாளி பரம்பரை அச்சுக்காரர். அவர் அப்பா ஈய எழுத்துக் கோத்தவர். 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டபோது, யானைத் துதிக்கை மாதிரி வளைந்த பழைய ணை, லை, னை எழுத்துகளை எடைக்குப் போட்ட கதையை முதலாளி அடிக்கடி சொல்வார். அந்தக் கதைக்கு நான் பின்னால் வருகிறேன்.

அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துரு என்பது சாதி மாதிரி. ஒன்றோடு ஒன்று கலக்காது. வானவில் ஒரு கட்சி, ஸ்ரீலிபி ஒரு கட்சி, இளங்கோ ஒரு கட்சி. இலங்கைத் தமிழர் யாராவது வெளிநாட்டிலிருந்து வந்தால் பாமினியில் அடித்த பைலைக் கொண்டுவருவார்கள். ஒரே 'க'வுக்கு ஒவ்வொரு எழுத்துருவும் ஒவ்வொரு எண்ணைக் கொடுத்திருந்தது. ஆங்கிலத்துக்கு ஒதுக்கிய எண்களின்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருந்தார்கள். போர்வையை எடுத்தால் அடியில் ஆங்கிலக் குப்பை. இன்டர்நெட்டிலும் அதே கதை. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்து, ஒரு பத்திரிகையைப் படிக்க ஒரு எழுத்துரு இறக்கி, அடுத்த பத்திரிகைக்கு அடுத்ததை இறக்கி முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும்.

ஒரு தடவை கல்யாணப் பத்திரிகையை பிளாப்பியில் போட்டு வெளியூர் அச்சகத்துக்கு அனுப்பினோம். எழுத்துருவையும் கூடவே போட்டு அனுப்ப மறந்தது நான்தான். அவர்கள் அதற்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போகிற வேறொன்றில் திறந்து அடித்துவிட்டார்கள். எல்லாம் சரியாக இருந்தது, மணப்பெண்ணின் பெயர் நடுவில் இருந்த 'க்ஷ்' மட்டும் இல்லை. 500 பத்திரிகை. பெண்ணின் அப்பா கடைக்கு வந்து சத்தம் போடவில்லை. பத்திரிகையை மேசைமேல் வைத்துவிட்டு, "இந்தப் பேர்ல எங்க வீட்ல பொண்ணு இல்லியேபா" என்றார். திரும்ப அடித்த காசு என் சம்பளத்தில் பிடித்தமானது.

இந்தக் கூத்துக்கு ஒரு முடிவு கட்டத்தான் 1999 பிப்ரவரி 7, 8 தேதிகளில் சென்னையில் தமிழிணையம் 99 மாநாடு நடந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1997-இல், சிங்கப்பூரில் முதல் மாநாடு. தமிழைக் கணினியில் ஏற்ற வேண்டும் என்ற தவிப்பு சென்னையைவிட வெளியில்தான் முதலில் இருந்தது. ஊரை விட்டுப் போனவனுக்குத்தானே எழுத்து ஏங்கும். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, மலேசியாவில் முரசு அஞ்சல் முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரம் என்று ஆளுக்கொரு நாட்டில் ஆளுக்கொரு முறை வைத்திருந்தார்கள். கல்யாணசுந்தரமும் நண்பர்களும் 1998 பொங்கலுக்கே மதுரைத் திட்டம் என்று பழைய நூல்களை வலையில் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். இப்படி வெவ்வேறு முறையில் எழுதியவர்கள் சென்னையில் உட்கார்ந்து, பேராசிரியர் அனந்தகிருஷ்ணன் போன்றவர்கள் முன்னின்று நடத்த, பொதுவான குறியேற்றத்துக்கும் (எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற பட்டியல்) ஒரே விசைப்பலகைக்கும் ஒத்துக்கொண்டார்கள். தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்ற யோசனைக்கும் அங்கேதான் பிள்ளையார் சுழி. 2001 பிப்ரவரியில் அது தொடங்கியது. கோவிந்தசாமி அதைப் பார்க்கவில்லை. மாநாடு முடிந்த மூன்று மாதத்தில், 1999 மே மாதம், காலமானார்.

எங்கள் கடைக்கு இந்த மாநாடு வந்தது பத்திரிகைச் செய்தியாக. முதலாளி வாய்விட்டுப் படித்தார். "இனிமே எல்லாருக்கும் ஒரே கீபோர்டாம்" என்றார். கடையில் யாரும் தலை நிமிரவில்லை.

அங்கே முடிவான தமிழ்99 விசைப்பலகையைப் பிறகு நான் கற்றுக்கொண்டபோது, இதைச் செய்தவர்கள்மேல் மரியாதை வந்தது. உயிரெழுத்துகள் இடது பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலது பக்கம். 12 உயிர், 18 மெய், ஒரு புள்ளி ஆக 31 விசைகளில் தமிழ் அடங்கிவிட்டது. அதைவிட அழகு, அது இலக்கணம் தெரிந்த பலகை. 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு போதும். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளியைத் தானே வைத்துக்கொள்ளும். 'பந்து' வேண்டுமா? ப, ந, த, உ. நகரத்துக்குப் பின் தகரம் வந்தால் நடுவில் புள்ளிதான் வரும் என்று பலகைக்கே தெரியும். ங்க, ஞ்ச, ண்ட, ம்ப, ன்ற எல்லாம் அப்படியே. இன எழுத்து என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அதை யாரோ விரலுக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

ஆனால் அன்றைக்குக் கடையில் அடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் லோயர், ஹையர் பாஸ் செய்த கைகள். ஆர். முத்தையா மலாயாவில் இருந்தபடி உருவாக்கிய தமிழ்த் தட்டச்சின் வழி வந்த விசை அமைப்பு அந்த விரல்களுக்குள் ஊறிப்போயிருந்தது. நிமிஷத்துக்கு இத்தனை வார்த்தை என்று பரீட்சை எழுதி வாங்கிய சர்டிபிகேட்டை, ஒரு மாநாடு சொன்னதற்காக யார் தூக்கிப்போடுவார்கள்? புதிதாகக் கற்க வருகிறவனுக்கோ இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுப்பது பழையதுதான், பரீட்சையும் அதில்தான். மாநாட்டில் இருந்தவர்கள் கணினிக்காரர்கள், பேராசிரியர்கள், எழுத்தாளர்கள். தமிழ்நாட்டில் நாள் முழுக்கத் தமிழ் அடித்துக்கொண்டிருந்த அந்தக் கைகளைப் பற்றி அங்கே யாராவது பேசினார்களா என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. குறை சொல்வதற்காக இல்லை. பந்தி போடுகிறவர்கள் சமையல்காரனை மறப்பது எல்லாக் கல்யாணத்திலும் நடப்பதுதான்.

குறியேற்றமும் அப்படித்தான் ஆனது. 1999-இல் முடிவான டாம், டாப் என்ற இரண்டு குறியேற்றங்களையும் அரசு ஏற்றுக்கொண்டது. கடைகள் கண்டுகொள்ளவில்லை. உலகம் அதற்குள் எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு குறியேற்றத்தின் பக்கம் திரும்பிவிட்டது. யூனிகோட்டில் தமிழுக்கு 128 இடம்தான் கொடுத்திருக்கிறார்கள், 247 எழுத்துக்கும் தனி இடம் வேண்டும் என்று ஒரு பெரிய வழக்கு பல வருஷம் ஓடியது. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. கடைக்காரனுக்குத் தெரிந்த வித்தியாசத்தை மட்டும் சொல்கிறேன். பழைய எழுத்துருவில் 'கொ' என்பது மூன்று துண்டு: முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கோத்து வைத்திருக்கும். யூனிகோட்டிலோ முதலில் க, பிறகுதான் உயிர்க்குறி. வாய் சொல்கிற வரிசை அது. இதனால்தான் பழைய பைலில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது, அகர வரிசைப்படி அடுக்கினால் அடங்காது. பார்ப்பதற்கு ஒன்றுபோல இருந்தாலும் ஒன்று தமிழ் எழுத்தின் படம், இன்னொன்று தமிழ் எழுத்து.

இதை எனக்கு யாரும் கடையில் சொல்லித்தரவில்லை. 2010 ஜூனில் கோயம்புத்தூரில் தெரிந்துகொண்டேன்.

ஜூன் 23 முதல் 27 வரை கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு. கூடவே தமிழ்க் கணினிக்காரர்களின் உத்தமம் அமைப்பு நடத்திய தமிழ் இணைய மாநாடும், பொதுமக்கள் பார்க்கக் கண்காட்சியும். முதலாளிக்கு என்ன தோன்றியதோ, கடையை மூடிவிட்டு மூன்று பேரும் போகலாம் என்றார். முதலாளி, நான், கடையில் அடிக்கிற பெண். அந்தப் பெண் வீட்டில் அனுமதி வாங்கத்தான் ரொம்ப நேரம் ஆனது. முதலாளியம்மாவும் கூட வருவதாகச் சொன்ன பிறகு விட்டார்கள். காட்பாடியில் ரயிலேறினோம். கோவையில் கால் வைக்க இடமில்லை. பாதிக் கூட்டம் அலங்கார ஊர்தி பார்க்க வந்த கூட்டம். கணினித் திரைகளுக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நின்றார்கள்.

ஆய்வரங்குகளில் பேசியது எங்களுக்குக் காலே அரைக்கால்தான் புரிந்தது. புரிந்ததெல்லாம் வாசலில், டீக்கடையில், பேட்ஜ் குத்திய யாரையாவது மடக்கிக் கேட்டதில் கிடைத்தது. முதலாளியின் கேள்வி ஒன்றே ஒன்று: "பத்து வருஷத்துப் பழைய பைலை என்ன பண்றது?" மாற்றிக்கொடுக்கும் மென்பொருள் இருக்கிறது, இலவசம் என்று ஒரு பையன் காட்டினான். பழைய எழுத்துருவில் இருந்த ஒரு பத்தி, கண் முன்னால், யூனிகோடாக மாறியது. முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கடைப் பெண் இன்னொரு மேசையில் உட்கார்ந்து 'அம்மா'வை நாலு தட்டில் அடித்துவிட்டு எழுந்திருக்கவே இல்லை. பின்னால் நின்ற பையன்கள் முனகினார்கள். நான் மேலே சொன்ன கொம்பு, கால் விவகாரத்தை ஒரு பெரியவர் பேப்பர் டம்ளரின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். மாநாடு தொடங்கிய அதே ஜூன் 23-ஆம் தேதி, யூனிகோடுதான் இனி தரம், அது ஒத்துவராத இடத்தில் டேஸ்16 என்ற குறியேற்றம் என்று தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்திருந்ததும் அங்கேதான் தெரியவந்தது.

திரும்பி வரும்போது ரயிலில் முதலாளி அந்தக் கதையை மறுபடி எடுத்தார். "எங்கப்பாவுக்கு ஈயம், எனக்கு பான்ட்டு. ஆணை வந்தா எடைக்குப் போடறது எங்க குடும்பத்துக்குப் பழக்கந்தான்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் ஈயத்துக்கு எடைக்காவது காசு வந்தது.

வந்த மறுவாரம் நாங்கள் மூன்று பேரும் புது மாப்பிள்ளைகள் மாதிரி இருந்தோம். யார் வந்தாலும் யூனிகோடு. ஒரு சங்கத்தின் மனுவை அதில் அடித்து, ஒரு அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். அங்கிருந்து போன் வந்தது. எழுத்தெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறதாம், ஆனால் அவர்கள் பான்ட்டுக்கு மாற்றி அனுப்ப வேண்டுமாம். அரசு ஆணை எண் சொன்னேன். "அதெல்லாம் சரி சார், இங்க எங்க கம்ப்யூட்டர்ல வரணும் இல்ல?" என்றார் அந்த அம்மா. அவர் சொன்னதில் தப்பில்லை. யூனிகோடில் இருந்ததைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றி அனுப்பினேன். கோவையில் கற்றதை அப்படியே தலைகீழாகச் செய்தேன். ஒரு மாதத்தில் முதலாளி பழையபடி ஆகிவிட்டார். கல்யாணப் பத்திரிகைக்காரர்களுக்கு அழகான எழுத்துரு வேண்டும், யூனிகோடில் அப்போது அந்த அளவுக்கு வகை இல்லை. நானும் மாறிவிட்டேன். அந்தப் பெண் மட்டும் மாறவில்லை. தமிழ்99 படம் போட்ட ஒரு தாளை மானிட்டருக்குக் கீழே ஒட்டிவைத்திருந்தாள். மூன்று மாதத்தில் என் வேகத்தைத் தாண்டினாள்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். கொஞ்ச காலம் போனில் தமிழ் பெட்டி பெட்டியாகத் தெரிந்தது, பிறகு எழுத்தாகத் தெரிந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் டேட்டா தண்ணீர்ப் பாக்கெட்டை விடச் சல்லிசானது. எங்கள் ஊர் விடலைகள் 'enna' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தே தமிழ் பேசினார்கள். 2017 ஆகஸ்டில் கூகுள் தமிழுக்குக் குரல் தட்டச்சு கொடுத்தது. 2018-இல் தமிழ்த் தளங்களுக்கும் கூகுள் விளம்பரம் வந்தது. அதே வருஷம் புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் சமைக்க ஆரம்பித்து, 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல் ஆனார்கள். அந்த வெற்றியில் விசைப்பலகைக்கு என்ன பங்கு? ஒன்றுமில்லை. அம்மிக்கல்லுக்கு இருந்த பங்குகூட இல்லை.

காஞ்சிபுரம் கடை இப்போது ஜெராக்ஸும் பிளெக்ஸும்தான். 2022 ஆகஸ்டில் தண்டோராவும் நின்றது. பறையடித்து அறிவிக்க ஆளை வைக்கக் கூடாது, வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லுங்கள் என்று அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு கலெக்டர்களுக்கு எழுதினார். நல்ல காரியம், ஒரு சாதியின் தோளில் ஏற்றிவைத்த வேலை அது. எங்கள் ஊர்ச் செய்தி இப்போது பஞ்சாயத்து வண்டியிலும் வாட்ஸப்பிலும் வருகிறது. குழுவில் எழுதுகிறவர்கள் குறைவு. பேசி அனுப்புகிறார்கள், படம் எடுத்து அனுப்புகிறார்கள், எழுதியே ஆக வேண்டுமென்றால் போனிடம் சொல்லி எழுதவைக்கிறார்கள். மாநாடுகள் பெருமையோடு கொடுத்த பலகை தாமலுக்கு வரவே இல்லை. யாருக்கும் பெயர்கூடத் தெரியாத குறியேற்றம் வீடு வீடாக வந்துவிட்டது. சின்னம்மாவின் 'ஏறி' என் போனில் 'ஏறி'யாகவே தெரிகிறதே, பெட்டியாகவோ ஆங்கிலக் குப்பையாகவோ தெரியவில்லையே, அது எத்தனை மாநாட்டின் சம்பாத்தியம் என்று அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. காஸ் அடுப்பு பற்றவைக்கிறவர் குழாய் போட்டவனை நினைப்பாரா?

புதுத் தொல்லைகளும் வந்திருக்கின்றன. ஒவ்வொரு கார்த்திகையிலும் பழைய கோடி வீடியோ ஒன்று கிளம்பும். 2015 பெருமழையில் எடுத்ததோ, வேறு ஏதோ ஏரியில் எடுத்ததோ. பார்த்துவிட்டுப் பெங்களூரிலிருந்தும் ஒரகடத்திலிருந்தும் ஊர்ப் பிள்ளைகள் பதறிப்போய்க் கூப்பிடுவார்கள். இங்கே ஏரியில் மாடு மேய்ந்துகொண்டிருக்கும்.

இதற்கு ஒரு மருந்து எனக்குக் கிடைத்த இடம் மாநாடு இல்லை. உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு உத்திரமேரூர் போயிருந்தேன். சாப்பிட்டுவிட்டு நேரம் இருந்ததால் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துக்குப் போனேன். குடவோலைக் கல்வெட்டுகள் இரண்டு. வாரியத் தேர்தலுக்கு யார் நிற்கலாம், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும், கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது என்று சபை எடுத்த முடிவைச் சுவர் முழுக்க வெட்டிவைத்திருக்கிறார்கள். 30 குடும்பு, அதாவது வார்டு, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் படித்ததுதான். அன்றைக்கு என் கண்ணில் பட்டது வேறு. இரண்டு கல்வெட்டும் முதல் பராந்தக சோழனின் ஆட்சியாண்டு 12, 14 என்று தேதியோடு தொடங்குகின்றன. நம் கணக்கில் 919, 921. எந்த ராஜா, எந்த வருஷம், எந்த ஊர்ச் சபை. இது சொல்லாமல் ஒரு சேதியும் கிடையாது. மழையில் நனைந்து ஆயிரத்து நூறு வருஷம் ஆகியும், இது எப்போது எடுத்த முடிவு என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

திரும்பி வந்து குழுவில் ஒரு வேண்டுகோள் வைத்தேன். ஏரி வீடியோ எடுக்கிறவர்கள் முதலில் வாயால் தேதியையும், நிற்கிற இடத்தையும், யார் எடுப்பது என்பதையும் சொல்லிவிட்டு எடுங்கள். இரண்டு பையன்கள் சிரித்தார்கள். "இன்னாணா, நியூஸ் சேனலா?" என்றார்கள். ஆனால் அந்த இரண்டு பேர்தான் இப்போது தவறாமல் அப்படிச் செய்கிறார்கள். கலங்கல் கல்லுக்குப் பக்கத்தில் நின்று, நீர்மட்டம் எந்தப் படியில் இருக்கிறது என்று விரலால் காட்டி, தேதி சொல்லி ஆரம்பிப்பார்கள்.

அவர்களைத்தான் 2024 பிப்ரவரியில் கூட்டிப்போனேன். தமிழிணையம் 99 நடந்து சரியாக 25 வருஷம் கழித்து, பிப்ரவரி 8 முதல் 10 வரை, நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் பன்னாட்டுக் கணித்தமிழ் மாநாடு. அன்றைக்கு யோசனையாக இருந்த இணையப் பல்கலைக்கழகம், இன்றைக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகமாகி அதை நடத்தியது. கோவைக்கு நாலு பேர் ரயிலில் போனோம்; நந்தம்பாக்கத்துக்கு நாங்கள் மூன்று பேர் காலையில் போய் ராத்திரி வீட்டுக்கு வந்துவிட்டோம். 1999-இல் பேச்செல்லாம் எழுத்துக்கு எந்த எண் கொடுப்பது என்பது. இப்போது பேச்செல்லாம் செயற்கை நுண்ணறிவு, மொழி மாதிரி. எழுத்து இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. இருக்கிற எழுத்து போதுமா, குரல் போதுமா, தரவு எங்கே என்று கேட்டார்கள். இயந்திரம் தமிழ் கற்பது இலக்கணம் படித்து அல்ல, நம் தமிழை மலை மலையாகத் தின்று.

பையன்களில் ஒருவன் திரும்பும் வழியில் கேட்டான்: "அப்போ அது தின்ன தமிழ்ல நம்ம ஊர்த் தமிழ் இருக்குமாணா?"

எனக்கு உடனே சின்னம்மாவின் மொழி நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கம் ஏரி நிரம்பாது, 'ரொம்பும்'. கோடி 'போவும்'. ர-வும் ற-வும் எங்கள் வாயில் ஒன்றுதான். எழுதும்போதுதான் பிரியும். வாய் சொல்வதிலிருந்து எந்த 'ரி' என்று போன் கண்டுபிடிக்க முடியாது. பக்கத்தில் எந்தச் சொல் வருகிறது என்பதை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். 'ஏரி'க்குப் பக்கத்தில் 'கோடி' வருவதை அது எத்தனை முறை பார்த்திருக்கும்? பஸ் ஏறி, மரம் ஏறி, விலை ஏறி எல்லாம் லட்சக்கணக்கில் பார்த்திருக்கும். ஏரி கோடி போவதை எழுதிவைத்தவர்கள் குறைவு, எழுதாமல் வாயால் சொல்லியே ஆயிரம் வருஷம் ஓட்டிவிட்டோம். மொசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்தில் யார் வேண்டுமானாலும் தமிழில் பேசிக் குரலைத் தானமாகக் கொடுக்கலாம். பையன்கள் அதில் கொஞ்ச நாள் வாசித்துப் பதிந்தார்கள். திரையில் வருகிற வாக்கியங்கள் புத்தகத் தமிழாக இருப்பதாகச் சலித்துக்கொண்டார்கள். இப்போது வேறொன்று செய்கிறார்கள். நீர்க்கட்டியாக இருந்த ஒரு பெரியவரை உட்காரவைத்து ஏரிச் சொற்களைப் பேசவைத்துப் பதிகிறார்கள்: மதகு, கலங்கல், கோடி, கரை, நீர்பிடிப்பு, கடைமடை. அதை எழுதிக்கொடுக்க ஆள் வேண்டுமே. எங்கள் பழைய கடைப் பெண் இப்போது ஒரு இ-சேவை மையம் நடத்துகிறாள். கல்யாணமாகி, பள்ளிக்கூடம் போகிற மகனும் இருக்கிறான். அவளிடம் கேட்டோம். போனில்கூடத் தமிழ்99-தான் வைத்திருக்கிறாள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவளைத் தவிர வேறு யாரும் அதை வைத்திருந்து நான் பார்த்ததில்லை. பையன்கள் ஒலிப்பதிவை அனுப்புவார்கள். கூட்டம் இல்லாத மத்தியானத்தில் கேட்டு அடித்து அனுப்புவாள். 'ரொம்பிடுச்சி' என்பதை 'நிரம்பிவிட்டது' என்று திருத்திவிடாதே என்று முதல் நாளே சொல்லிவைத்தேன். "எனக்குத் தெரியாதாணா?" என்றாள்.

அந்த ஐப்பசி சாயங்காலத்துக்கு வருகிறேன். சின்னம்மாவின் வரிக்குக் கீழே 'ஏரி' என்று திருத்தி எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பதில்கள் வந்து குவிய ஆரம்பித்தன, எல்லாம் குரலில். பெங்களூரிலிருந்து ஒருவன், "பெரியம்மா, தேதி சொல்லலியே, இன்னிக்கித்தானா?" என்றான். சின்னம்மா திரும்பப் பேசினார்: "இன்னிக்கித்தான்டா. நானு கரை மேல நின்னுக்கினுதான் பேசறேன். சத்தம் கேக்குதா பாரு." அதற்குமேல் பதினெட்டு விநாடிக்கு வெறும் தண்ணீர்ச் சத்தம்.